பின்சீற்றின் இடது மூலை

புகைக்குழாயின் வாய்க்குள் சுட்டுவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் மெத்தென்ற கரி விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். அதை மூக்கருகே கொண்டுபோனால் முதலில் அடுப்படி மணமும், அதற்குப் பிறகு பெற்றோல் மணமும், மூச்சை நன்றாக இழுத்தால் மட்டும் பிடிபடுகிற கடலுப்பின் மணமும் வரும். பத்து வயதில் என் காலைகள் இப்படித்தான் தொடங்கின. மற்றப் பிள்ளைகள் பல் விளக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் அப்பாவின் காருக்குப் பின்னால் குந்தியிருந்து என் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கரி உலர்ந்து சாம்பல் நிறமாக இருந்தால் கார் சுகமாக இருக்கிறது. கறுத்து ஈரமாக இருந்தால் பெற்றோலை அளவுக்கு மிஞ்சிக் குடிக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எஞ்சினுக்குள் ஏதோ வருத்தம். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அப்பா தன்பாட்டில் முணுமுணுப்பதை ஒட்டுக்கேட்டு நானே சேர்த்துக்கொண்டவை. விரலைப் பாவாடையில் துடைப்பதுதான் பிழையாகிப் போகும். "பொம்பிளைப் பிள்ளை விடியக் காலமை செய்யிற வேலையே இது?" என்று அம்மா குசினிக்குள்ளிருந்து கத்துவா. நானும் "ஓம், இதுதான்" என்று பதிலுக்குக் கத்திவிட்டுக் கிணற்றடிக்கு ஓடிவிடுவேன்.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போய்ப் பத்து வருடமளவு ஆகியிருந்த காலம் அது. அவர்கள் விட்டுச்சென்ற சாமான்கள் திருகோணமலை முழுக்கப் பரவிக் கிடந்தன. ஒரு வீட்டில் கதிரை, இன்னொரு வீட்டில் அலுமாரி, எங்கள் வீட்டில் கார். யாரோ ஒரு துரை ஓடிய கறுப்புக் கார், நாலு கைமாறி அப்பாவிடம் வந்து சேர்ந்திருந்தது. அப்பாவின் பெயர் யோசேப்பு. துறைமுகத்து வேலை போன பிறகு அந்தக் காரை நம்பித்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. 'ஹயர்' என்று அவர் சொல்லும் அந்தத் தொழிலில் முக்கால்வாசி, தோப்பூர், வெருகல் என்று தெற்கே தூரத்து ஊர்களிலிருந்து வருத்தக்காரரை நகரத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவருவதும், சுகமானவர்களைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவதுமாகத்தான் இருந்தது.

அந்தப் பக்கம் போவதென்றால் துறைகளைக் கடக்கவேண்டும். முதலாவது கிண்ணியாத் துறை. வாகனங்களை ஏற்றி, ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்து அக்கரை சேர்க்கும் மிதவையை எங்கள் ஊரில் 'பாதை' என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் வற்றின நேரத்தில் பாதையில் ஏறுகிற பலகை செங்குத்தாக நிற்கும். காரின் மூக்கு மேலே எழும்ப, பின்பக்கம் கடலுக்குள் இறங்கி, புகைக்குழாய் உப்புத் தண்ணீரைக் 'களக் களக்' என்று குடித்துவிட்டுத்தான் ஏறும். எனக்கு அந்தச் சத்தம் நல்ல விருப்பம். குடித்த உப்பு குழாயை உள்ளிருந்தே தின்றுகொண்டிருந்தது என்பதை யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை இருக்கவில்லை.

அந்த வருடம் கார் திடீரென்று உறுமத் தொடங்கியது. அது தபாற்கந்தோர்ச் சந்தியில் திரும்பும்போதே வீட்டிலிருக்கும் எங்களுக்குக் கேட்கும். புகைக்குழாயில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க அப்பாவிடம் ஒரு வழி இருந்தது. எஞ்சினை ஓடவிட்டுவிட்டு அவர் காருக்கடியில் படுத்துக்கொள்வார். நான் ஈரச் சாக்கைப் பந்தாகச் சுருட்டிக் குழாயின் வாயில் ஒரு கணம் அழுத்திப் பிடிப்பேன். வெளியே போக வழியில்லாத புகை, ஓட்டை இருக்குமிடத்தில் 'ஸ்ஸ்' என்று சீறும். "பிடி… விடு… பிடி… எடியே, விடெண்டால் விடு!" கண்டுபிடித்துவிட்டார். பின்சீற்றுக்கு நேர் கீழே, குழாய் வளையுமிடத்தில், சுண்டுவிரல் நுழையுமளவு ஓட்டை. புதுக் குழாய் அந்தக் காருக்கு ஊரில் கிடைக்காது. ஆகவே பால்மாப் பேணி ஒன்றை வெட்டி விரித்து, குழாயைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். அதிலும் ஒரு கெட்டித்தனம் செய்தார்: துறையில் இறங்கும்போது கடல்தண்ணீர் உள்ளே புகக்கூடாதென்று, தகரத்தின் இரண்டு விளிம்பும் சேருமிடத்தை மேற்பக்கமாகத் திருப்பி, காரின் அடித்தட்டைப் பார்க்கிற மாதிரி வைத்தார். எஞ்சினை முடுக்கினார். உறுமல் நின்றுவிட்டது. "சத்தம் இருந்தால்தான் ஓட்டை. சத்தமில்லை, ஓட்டையில்லை," என்று கையைத் தட்டிக்கொண்டு எழும்பினார். நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகுதான் எங்கள் காரில் வருகிறவர்களுக்குத் தலையிடி தொடங்கியது. ஒருவர் துறையடியில் இறங்கி ஓங்காளித்துச் சத்தி எடுப்பார், இன்னொருவர் வீட்டு வாசலில் இறங்கித் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பித்தம் என்றார்கள், வெறும் வயிற்றோடு ஏறியது என்றார்கள். என் தம்பி அந்தோனிக்கு ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அப்பா தன் சிநேகிதரைப் பார்க்கத் திரியாய்ப் பக்கம் போகும்போது எங்களையும் ஏற்றிக்கொண்டு போவார், திரும்பி வந்ததும் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டுவிடுவான். அம்மா கண்ணூறு என்று முடிவுகட்டினா. துரையின் காரை யோசேப்பு ஓடுகிறானே என்று யாருக்கோ எரிச்சலாம். கோயில் சுவாமியைக் கூப்பிட்டுக் காருக்குத் தீர்த்தம் தெளிப்பித்தா. தீர்த்தம் தெளித்த அன்றைக்கே, அதில் முதலாவதாக ஏறிய சங்கிலித்தாமர் என்ற கிழவர் சுவாமியின் வீட்டு மதிலோரம் சத்தி எடுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போய், அம்மாவிடம் காதுத் திருகல் வாங்கினேன்.

கண்ணூறென்றால் எல்லோருக்கும் வரவேண்டும் அல்லவா? ஏன் அப்பாவுக்கு ஒருநாளும் தலையிடிப்பதில்லை? ஏன் எனக்கு ஒரு ஞாயிறு வருகிறது, மறு ஞாயிறு வருவதில்லை? இந்தக் கேள்வி என்னை இருக்கவிடவில்லை. கிணற்றடிச் சுவரில் கரித்துண்டால் காரின் படத்தைக் கீறி, யார் எங்கே இருந்தார்கள், யாருக்குத் தலையிடித்தது என்று புள்ளி போடத் தொடங்கினேன். புள்ளிகள் எல்லாம் பின்சீற்றின் இடது மூலையிலேயே போய் விழுந்தன.

அடுத்து நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. சரிபார்க்க எனக்கொரு ஆள் தேவைப்பட்டது. அந்தோனிக்குத் தோடம்பழ இனிப்பு ஒன்றைக் கொடுத்து இடது மூலையில் இருத்திக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டேன். தலையிடி, சத்தி. அடுத்த ஞாயிறு வலது மூலையில் இருத்திக் கண்ணாடியை இறக்கினேன். போக வரப் பாடிக்கொண்டே வந்தான். மூன்றாம் ஞாயிறு திரும்பவும் இடது மூலை, திரும்பவும் ஏற்றின கண்ணாடி. இரண்டாம் ஞாயிறோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒருமுறை நடந்தது தற்செயலாக இருக்கலாமே என்று எனக்கு ஒரு பிடிவாதம். அன்று அவன் பின்னேரம் வரை எழும்பவில்லை. நான் பக்கத்திலிருந்து அவனுடைய நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

மறுநாளே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மாரியின் முதல் மழைக்கு முந்தின கிழமை அது. இனிப்புக் கதையை விழுங்கிவிட்டு மற்றதை எல்லாம் சொன்னேன். சுவரில் கீறின படத்தையும் காட்டினேன். அப்பா படத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இஞ்ச பார் றீற்றா, யோசேப்பற்ற காரில பிழையெண்டு ஊருக்குள்ள ஒரு கதை போனால் காணும், பிறகு ஒருத்தன் ஏறமாட்டான். நாங்கள் என்னத்தைத் தின்னுறது? சத்தம் ஏதும் கேக்குதே? இல்லைத்தானே. வாயைப் பொத்திக்கொண்டு இரு" என்றார். ஒரு வாளி தண்ணீரை எடுத்துச் சுவரில் அடித்தார். என் புள்ளிகள் எல்லாம் வழிந்து கிணற்றடியில் ஓடின. எனக்கு அழுகையை விட ஆத்திரந்தான் கூடுதலாக வந்தது.

இரண்டு மாதம் கழித்து, மாரி நன்றாகப் பிடித்த நேரத்தில், அம்மாவின் தங்கை ஆசுப்பத்திரியில் பிள்ளை பெற்றா. தோப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஒருவரைக் கட்டி அங்கே இருந்த எங்கள் சின்னம்மா அவ. ஆறு வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, நேர்ந்துவைத்துப் பெற்ற பிள்ளை. பத்தாம் நாள் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுபோக அப்பாவின் கார் வந்தது. பிள்ளை பெற்ற உடம்பில் காற்றுப் படக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் மாற்ற முடியாத சட்டம். பட்டால் 'சன்னி' பிடிக்கும். சின்னம்மாவின் இரண்டு காதையும் துணியால் கட்டி, தலையில் துவாய் சுற்றி, பிள்ளையைக் கண் மட்டும் தெரியப் பொதிந்து பின்சீற்றில் ஏற்றினார்கள். இடது மூலையில்.

"சின்னம்மா முன்னுக்கு இருக்கட்டும்," என்றேன்.

"முன்னுக்கோ? கொப்பர் கை காட்டுறதுக்குக் கண்ணாடியை இறக்கி வைச்சிருக்கிறார். உனக்கென்ன விசரே?" என்றா அம்மா.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அப்பாவுக்கு ஏன் ஒருநாளும் தலையிடிப்பதில்லை என்று. திரும்பும் பக்கத்தைச் சாரதி கையை நீட்டிக் காட்டுகிற காலம் அது. அவர் பக்கக் கண்ணாடி எப்போதும் திறந்தே இருக்கும். அந்தக் காற்றும் பின்னால் வந்துவிடக் கூடாதென்று, அம்மா முன்சீற்றுக்கும் பின்சீற்றுக்கும் நடுவில் ஒரு தடித்த போர்வையைக் கட்டித் தொங்கவிட்டா. பின்கண்ணாடிகளை இறுக்க ஏற்றிவிட்டுச் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தா. நான் முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில், பத்தியச் சரக்கும் சாம்பிராணியும் நிறைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

துறையடிக்கு வந்தபோது மழை கொட்டியது. பாதை அக்கரையில் நின்றது. எங்களுக்கு முன்னால் ஐந்தாறு வாகனங்கள். பற்றரி பலமில்லாததால் நிறுத்தினால் தள்ளவேண்டி வரும் என்று அப்பா எஞ்சினை ஓடவிட்டபடியே இருந்தார். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். போர்வைக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஆசுப்பத்திரியில் பால் ஒரு நிமிடம் பிந்தினால் வார்டையே தூக்கி எழுப்பிய பிள்ளை அது.

"பிள்ளை அழேல்லையே அம்மா?"

"நல்ல பிள்ளை… நித்திரை…" அம்மாவின் குரல் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு கதைப்பது போலக் குழறியது.

போர்வையை விலக்கிப் பார்த்தேன். அம்மா வலது பக்கக் கண்ணாடியில் தலையைச் சாய்த்துப் பாதிக்கண் மூடியிருந்தா. சின்னம்மாவின் வாய் திறந்திருந்தது. பெற்றோலும் கரியும் கலந்த அந்த மணம், நான் தினமும் விரலில் எடுத்து முகர்ந்த அதே மணம், முகத்தில் அடித்தது. கதவைத் திறந்து குதித்து, பின்கதவைத் திறந்து பிள்ளையைப் பிடித்தேன். சின்னம்மா பதறித் தடுப்பா என்று நினைத்தேன். அவவின் கைகள் பிள்ளையை விட்டு வழுகி மடியில் விழுந்தன, அவ்வளவுதான். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினேன்.

"எடியே! பச்சைப்பிள்ளையடி! காத்துப் படுதடி!" அம்மா காருக்குள்ளிருந்து அலறினா, ஆனால் எழும்ப ஏலாமல் இருந்தா. அப்பா ஓடிவந்து என் பின்னலைப் பிடித்திழுத்துக் கன்னத்தில் அறைந்தார். நான் பிள்ளையை விடவில்லை. துணியை விலக்கினேன், மழைத்துளிகள் முகத்தில் விழுந்தன, ஒன்றுமில்லை. மாதாவே, மாதாவே என்று எனக்குள் கத்தினேன். பிறகு அந்தச் சின்ன வாய் கோணியது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுத்து வீரிட்ட அழுகை. துறையடியில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னம்மா மட்டும் எழும்பவில்லை. ஓங்கிய கையோடு நின்ற அப்பா அதைக் கண்டார்.

பாதை இழுக்கிறவர்கள்தான் அவவைத் தூக்கி, தேத்தண்ணிக் கடை வாங்கில் காற்றோட்டமாகக் கிடத்தினார்கள். கனநேரத்துக்குப் பிறகு சத்தி எடுத்தா. கண்ணைத் திறந்து, "பிள்ளை எங்க?" என்று கேட்டா. அதைக் கேட்ட பிறகுதான் பிள்ளையை என் கையிலிருந்து இறக்கி அவவின் பக்கத்தில் கிடத்தினேன்.

துறையடியில் வாகனம் திருத்துகிற காசிம் நானா காருக்கடியில் குனிந்து பார்த்தார், பின்கதவைத் திறந்து மணம் பிடித்தார். என் பையிலிருந்த சாம்பிராணியைக் கேட்டு வாங்கி, கடை அடுப்புத் தணலை ஒரு பேணியில் அள்ளிப் போட்டுப் புகை எழும்பச் செய்து, அதைப் பின்சீற்றுக்கு நேர் கீழே, பால்மாத் தகரம் கட்டியிருந்த இடத்துக்குக் கீழே வைத்தார். கதவுகளைச் சாத்திவிட்டு, "யோசப்பு, இங்க வந்து கண்ணாடியால பாருங்க" என்றார். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். தரையில் விரித்திருந்த பன்பாயின் ஓரத்தால் வெள்ளைப் புகை மெல்ல மெல்லக் கசிந்து மேலே வந்தது. அடித்தட்டு எப்போதோ உக்கிப்போயிருந்ததை அந்தப் பாய் மறைத்திருந்தது. எவ்வளவு வடிவாக வந்தது அந்தப் புகை! நூலாக எழும்பி, சின்னம்மா சாய்ந்திருந்த மூலையில் போய்ச் சுருண்டு நின்றது. அந்த நேரத்திலும் எனக்கு ஒரு பாழாய்ப்போன சந்தோசம், என் படம் சரிதான் என்று.

"நீங்க சத்தத்தத்தான் கட்டிவெச்சிரிக்கீங்க, யோசப்பு. புகையக் கட்டல்ல," என்றார் காசிம் நானா. அப்பா அடியில் புகுந்து அந்தத் தகரத்தைக் கையாலேயே பிடுங்கினார். கை சுட்டது. விடவில்லை.

பிள்ளையும் தாயும் தப்பினார்கள். காசிம் நானா எங்கேயோ தேடிப் புதுக் குழாய் பொருத்தி, அடித்தட்டுக்கும் இரும்புத்தகடு வைத்து ஒட்டிக்கொடுத்தார். இரண்டு கிழமை கழிந்து, ஒரு சனிக்கிழமை விடிய அப்பா, "பிள்ளை, நீயும் வா" என்று என்னை முன்சீற்றில் ஏற்றிக்கொண்டு தெற்கே வெளிக்கிட்டார். தான் அந்த வருடம் ஏற்றி இறக்கிய வருத்தக்காரரின் வீடு வீடாகப் போனார். "இதால போனனான், சுகமோ எண்டு கேட்டிட்டுப் போவமெண்டு…" என்பார். அவர்கள் ஆச்சரியப்பட்டுக் கதிரை போட்டு இருத்துவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஆள் உயிரோடு எழும்பி வருகிறதைக் கண்டதும் அப்பாவின் தோள் கொஞ்சம் இறங்கும்.

கடைசியாக வெருகலில் வயல் செய்கிற ஒரு கமக்காரர் வீடு. மனைவியை அப்பாவின் காரில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவந்தவர். அவ அன்றைக்குப் பின்னேரமே செத்துப்போனா என்பது அப்பாவுக்கு முன்பே தெரியும் என்று நினைக்கிறேன், முற்றத்திலேயே நின்றுவிட்டார்.

"வரேக்க அவ கதைச்சவவோ, அண்ணை?"

"கிண்ணியாத் துறை வரைக்கும் கதைச்சுக்கொண்டுதான் வந்தவ. பிறகு நித்திரையாப் போனா, எழும்பவேயில்லை. முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிஞ்சு இண்டைக்கு ரெண்டு நாள், தம்பி." அவர் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "குளிர் பட்டிடுமெண்டு நீங்கள்தானே கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டனீங்கள். என்ர சனமே அப்பிடிப் பாக்காது. நான் சாகுமட்டும் அதை மறக்கமாட்டன்."

நான் விரல்களை மடக்கி எண்ணினேன். முப்பத்திமூன்று நாள். கிணற்றடிச் சுவரில் நான் படத்தைக் காட்டியது அதற்கு முந்தி. அப்பாவும் எண்ணியிருப்பார்; கைகளை இழுத்துக்கொள்ளவும் ஏலாமல், வைத்திருக்கவும் ஏலாமல் நின்றார். வாயைத் திறந்தார். அந்த மனுசன் நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நாங்கள் போயிட்டு வாறம், அண்ணை" என்று மட்டும் சொன்னார் அப்பா.

இப்போது கிண்ணியாவில் நீளமான பாலம். பாதை என்று கேட்டால் இளம் பிள்ளைகள் எந்த வீதி என்று கேட்கிறார்கள். வாகனங்கள் கண்ணாடியை ஏற்றி, குளிர்காற்றைப் போட்டுக்கொண்டு சத்தமின்றி ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகின்றன. அன்று மழையில் நனைந்த பிள்ளைக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்; எந்தக் கலியாண வீட்டிலும் என்னைக் காட்டி, "என்னைக் காப்பாற்றின அக்கா இவதான்" என்று சொல்லுவாள். நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன். வெருகலில் அந்த வீடிருந்த இடத்தைப் போன முறை தேடினேன், பற்றைதான் மண்டிக் கிடக்கிறது. காசிம் நானா இல்லை, அந்தக் கமக்காரர் இல்லை. அப்பாவும் இல்லை.

அந்த மனுசி தன் வருத்தத்தால் செத்தாவா, எங்கள் காரால் செத்தாவா? புகை எங்கிருந்து வருகிறது, கரி ஏன் கறுக்கிறது என்று காண்கிறவர்களை எல்லாம் துளைத்தெடுத்தவள் நான். இந்த ஒன்றை மட்டும், அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அப்பாவிடம் ஒருநாளும் கேட்கவில்லை.